வாயைத் திறக்க மறுத்த கடமான்

மலையடிவாரத்தில் ஒரு காடு இருந்தது. அந்தக் காட்டுக்கு ஒரே ஒரு குளம்தான். ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் வந்து குளத்தின் கரையை உடைத்துக்கொண்டு போய்விட்டது. கோடை தொடங்கியதும் விலங்குகள் எல்லாம் தண்ணீருக்குத் தவித்தன.

காட்டின் தலைவர் கொம்பையா என்ற யானை. அது எல்லோரையும் கூட்டியது.

"அடுத்த மழை வருவதற்குள் உடைப்பை அடைத்தாக வேண்டும்! இல்லாவிட்டால் வருகிற தண்ணீரும் ஓடிப்போகும். அப்புறம் நாமும் காட்டை விட்டு ஓட வேண்டியதுதான்!" என்றது.

அன்றே வேலை தொடங்கியது. காட்டெருமைகள் மலைச் சரிவிலிருந்து பாறைகளை முட்டி உருட்டின. கரடி மேஸ்திரியாக நின்று, எப்போது தள்ளுவது, எப்போது நிறுத்துவது என்று ஏவியது. முயல்களும் ஆமைகளும் கீழே நின்று கல் இடுக்குகளில் களிமண்ணைப் பூசி அடைத்தன.

சரிவின் நடுவில் தவிட்டி என்ற பெண் கடமான் நின்றது. பாறை உருளும்போதெல்லாம், "கல் வருது! விலகு, விலகு!" என்று குரல் கொடுப்பது அதன் வேலை. அந்தக் குரலை நம்பித்தான் கீழே இருந்தவை குனிந்த தலை நிமிராமல் மண் பூசின.

அது இலுப்பை மரங்கள் பூத்துக் கொட்டும் காலம். தரையில் கிடந்த பூக்கள் வெயிலில் புளித்து, தின்றால் போதை ஏறும்படி ஆகியிருந்தன. ஒரு காட்டுப்பன்றி அவற்றை வயிறு முட்டத் தின்றுவிட்டு, கண் சொருகியபடி வேலைக்கு வந்தது. கரடி ஏவுவதற்கு முன்பே ஒரு பாறையைத் தள்ளிவிட்டது. தவிட்டி கத்தியும் பயனில்லை. கீழே இருந்த ஆமை நசுங்கிச் செத்தது.

காடே கண்ணீர் விட்டது. கொம்பையா ஒரு சட்டம் போட்டது.

"இனி வேலைக்கு வருகிறவர்கள் காலையில் வாயைத் திறந்து காட்ட வேண்டும். கீரி மோந்து பார்க்கும். இலுப்பை வாடை அடித்தால் அன்றைக்கு வேலையும் கிடையாது, சாப்பாடும் கிடையாது!"

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. செத்த ஆமையை எல்லோரும் பார்த்திருந்தார்கள். தவிட்டியும் தினமும் வரிசையில் நின்று வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் சரிவில் ஏறியது.

பிறகு ஒரு நாள் சரிவில் மண் இளகிச் சரிந்தது. எல்லோரும் தப்பித்து ஓடினார்கள். எச்சரித்துக்கொண்டே இருந்த தவிட்டி கடைசியாகத்தான் தாவியது. அதன் பின்னங்கால் ஒடிந்துபோனது.

கால் ஒடிந்த மான் எங்கே போய் மேயும்? நல்லவேளையாக அந்தக் காட்டில் ஒரு பொதுக் களஞ்சியம் இருந்தது. அது ஒரு குகை. எல்லா விலங்குகளும் தாங்கள் தேடிய பழம், கிழங்கு, தழையில் ஒரு பங்கை அங்கே கொண்டுவந்து போடும். மேயப் போக முடியாதவர்களுக்கு அங்கே சாப்பாடு. காட்டை நிர்வாகம் செய்யும் சபையாருக்கும் அங்கிருந்துதான் சாப்பாடு. குழிமுத்து என்ற நரி அதற்குப் பொறுப்பாளர்.

தவிட்டி தன் சின்னக் குட்டியைக் கூட்டிக்கொண்டு நொண்டி நொண்டிக் களஞ்சியத்துக்குப் போகும். தழை வாங்கித் தின்னும். குட்டிக்குப் பால் கொடுக்கும். இப்படி நாட்கள் போயின.

காரான் என்று ஒரு காட்டெருமை. சரிவில் அதுதான் பெரிய உழைப்பாளி. ஒரு காலை வரிசையில் நின்றபோது கீரி அதன் வாயை மோந்து முகத்தைச் சுளித்தது.

"புளித்த வாடை! தள்ளி நில்!"

"அது பலாப்பழ வாடை! வழியில் ஒரு பழம் வெடித்துக் கிடந்தது. சாப்பிட்டேன்."

"எனக்கு வாடைதான் தெரியும். எந்த மரம் என்று தெரியாது. போ, போ!"

"நான் இலுப்பையைத் தொட்டதே இல்லை! மேஸ்திரி, நீங்களாவது சொல்லுங்கள்!"

கரடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

காரான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தது. வயிற்றில் பசி, மனதில் அவமானம். வழியில் களஞ்சியம் இருந்தது. அங்கே தவிட்டி நிழலில் படுத்துத் தழை தின்றுகொண்டிருந்தது. காரானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'பாறையை முட்டி முட்டி என் நெற்றித் தோல் உரிந்துவிட்டது. என் வாயை மோந்து விரட்டுகிறார்கள். படுத்துக்கொண்டு தின்கிற இதன் வாயை யார் மோந்தார்கள்? இது தின்பது நான் போட்ட பங்கு!'

நேரே சபைக்குப் போய் அதையே உரக்கக் கேட்டது. "உழைக்கிறவனுக்கு மோப்பம், சும்மா வாங்கித் தின்கிறவர்களுக்கு மோப்பம் இல்லையா? இது என்ன நியாயம்?"

வந்திருந்த வேலைக்கார விலங்குகள் எல்லாம், "ஆமாம், ஆமாம்!" என்று கத்தின.

நரி குழிமுத்துக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். வாசலில் கூட்டம் குறைந்தால் உள்ளே மிச்சம் கூடும் அல்லவா? அது எழுந்து கும்பிட்டது.

"தலைவர் ஐயா! காரான் கேட்பது நூற்றுக்கு நூறு நியாயம். களஞ்சிய வாசலிலும் ஒரு கீரியை நிறுத்துங்கள். வாடை அடித்தால் சாப்பாடு கிடையாது. தாய்க்கு வாடை அடித்தால் குட்டிக்கும் கிடையாது. அப்போதுதான் பயம் இருக்கும்!"

கொம்பையா கொஞ்சம் யோசித்தது. வெளியே கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்றால் அது நியாயம்தானே என்று நினைத்தது. "சரி, அப்படியே ஆகட்டும்!" என்றது.

மறுநாள் காலையில் களஞ்சிய வாசலில் இன்னொரு கீரி வந்து உட்கார்ந்தது. வேடிக்கை பார்க்கவும் கூட்டம் வந்தது.

முதலில் ஈட்டி என்ற கிழட்டு முள்ளம்பன்றி வந்தது. சிறுத்தை கடித்த புண் அதன் முதுகில் ஆறாமல் இருந்தது. கீரி மோந்து பார்த்தது.

"இலுப்பை!"

"ஆமாம், தின்றேன். பொய் சொல்ல மாட்டேன். புண் வலிக்கிறது. அதைத் தின்றால்தான் கண் மூட முடிகிறது."

"அப்படியானால் உனக்குச் சாப்பாடு இல்லை!" என்றது நரி.

"களஞ்சியத்தில் கொடுக்காவிட்டால் நான் வேறு எதைத் தின்பேன்?"

"அது உன் பாடு!"

ஈட்டி தள்ளாடித் தள்ளாடிப் போனது. அதன் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் யாரையும் கேட்காமல் கிடைத்தது ஒன்றுதான். அது இலுப்பைப் பூ. பசிக்கு அதையே தின்றது. மறுநாள் இன்னும் அதிகமாகத் தள்ளாடியது.

அடுத்து கை முறிந்த ஒரு தாய்க் குரங்கு வந்தது. கீரி அதன் கன்னத்தை இழுத்துப் பிடித்து, நாக்கைத் தூக்கி, உள்ளே மூக்கை நுழைத்து மோந்தது. மார்பில் தொங்கிய குட்டி மிரண்டு அழுதது. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

"வாடை இல்லை. போய் வாங்கிக்கொள்!" என்றது கீரி.

குரங்கு ஒரு பழத்தை வாங்கிக்கொண்டு முகத்தை மூடியபடி போனது. மறுநாள் அது வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. குட்டியும் தாயும் மரப்பட்டையை உரித்துத் தின்பதாகக் கிளிகள் பேசிக்கொண்டன.

தவிட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. முதல் இரண்டு நாளும் முன்பே வாங்கி வைத்திருந்த தழையைத் தின்று சமாளித்தது. மூன்றாம் நாள் அதுவும் வாசலுக்கு வந்தது.

"வாயைத் திற!" என்றது கீரி.

"திறக்க மாட்டேன்!"

கூட்டம் நெருங்கி வந்தது. நரி முன்னால் வந்து குழைந்தது.

"என்னம்மா இது? வாயைத் திறந்தால் என்ன குறைந்துவிடும்? தப்புச் செய்யாதவர்களுக்கு என்ன பயம்?"

"எனக்குப் பயம் இல்லை. நான் இலுப்பை தின்றதும் இல்லை. ஆனாலும் திறக்க மாட்டேன். எதற்காக மோக்கிறீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்!"

"எதற்கா? வேலைக்காரர்களை மோக்கவில்லையா? நீ வேலையில் இருந்தபோது தினமும் திறந்து காட்டினாயே!"

"காட்டினேன். சரிவில் நான் மயங்கி நின்றால் கீழே ஒரு முயல் சாகும். அதற்காகக் காட்டினேன். இங்கே நான் மயங்கி விழுந்தால் யார் சாவார்கள்? இந்தத் தழைக்கட்டா?"

நரிக்குக் கோபம் வந்தது.

"வாயைத் திறக்காவிட்டால் சாப்பாடு இல்லை! உனக்கும் இல்லை, உன் குட்டிக்கும் இல்லை!"

"சரி" என்றது தவிட்டி. திரும்பிப் போகவில்லை. களஞ்சிய வாசலில், எல்லோரும் போக வர இருக்கும் வழியில், ஒடிந்த காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. குட்டி பக்கத்தில் ஒண்டிக்கொண்டது. உச்சி வெயில் சுட்டது. தவிட்டி அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஈட்டி தள்ளாடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. "என்னை மோந்தால் மாட்டிக்கொள்கிற ஆள் நான். நான் உன்னோடு உட்காரலாமா?" என்று கேட்டது.

"உனக்குப் பசிக்கிறதா?"

"பசிக்கிறது."

"அப்படியென்றால் உட்கார்!"

சாயங்காலம் வேலை முடிந்து காரான் அந்த வழியாக வந்தது. வழியை அடைத்துப் படுத்திருந்த தவிட்டியைப் பார்த்து நின்றது.

"ஏன் இந்தப் பிடிவாதம், தவிட்டி? நான் தினமும் வாயைத் திறக்கிறேன். நீ ஒருமுறை திறந்தால் குறைந்தா போவாய்?"

"அண்ணே, உங்களோடு சரிவில் நின்றவள் நான். அங்கே மோப்பம் வேண்டும். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்."

"இங்கே மட்டும் வேண்டாமா? நீ தின்பது எங்கள் உழைப்பு!"

"கால் ஒடிகிற வரைக்கும் நானும் பங்கு போட்டேன். நாளைக்கு உங்கள் கால் ஒடிந்தால் நீங்களும் இங்கேதான் வருவீர்கள். அன்றைக்கு உங்கள் கன்னத்தை இழுத்துப் பிடித்து மோந்து, நாலு பேர் சிரித்தால் பரவாயில்லையா?"

காரான் போகத் திரும்பியது. தவிட்டி விடவில்லை.

"அண்ணே, ஒன்று கேட்கிறேன். பலாப்பழம் தின்ற வாயை இலுப்பை தின்ற வாய் என்று சொல்லி உங்களை விரட்டியது யார்?"

"கீரி."

"கீரியிடம் சண்டை போட்டீர்களா? பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்ட மேஸ்திரியிடம் சண்டை போட்டீர்களா? இல்லை. நேரே என்மேல் பாய்ந்தீர்கள். ஏனென்றால் நான்தான் படுத்துக் கிடந்தேன்!"

காரானுக்குச் சுருக்கென்றது. அது ஈட்டியின் புண்ணைப் பார்த்தது. தாயின் வற்றிய மடியை முட்டி முட்டிப் பார்க்கும் குட்டியைப் பார்த்தது. பிறகு நடந்து போனது. ஆனால் அதன் நடையில் முன்பிருந்த மிடுக்கு இல்லை.

மறுநாள் காலையில் மலை உச்சியில் கருமேகம் திரண்டிருந்தது. மழை வரப்போகிறது. உடைப்பில் இன்னும் ஒரு பெரிய இடைவெளி பாக்கி. கரடி பதறிக்கொண்டு கத்தியது.

"சீக்கிரம்! வரிசையில் நில்லுங்கள்! வாயைத் திறங்கள்! பாறையைத் தள்ளுங்கள்!"

காரான் வரிசையில் வந்து நின்றது. வாயைத் திறந்து காட்டியது. பிறகு பாறைப் பக்கம் போகவில்லை. கீழே இறங்கத் தொடங்கியது.

"எங்கே போகிறாய்?"

"களஞ்சியத்துக்கு. தவிட்டியும் குட்டியும் சாப்பிட்ட பிறகுதான் வருவேன்."

"நீதானே மோப்பம் வேண்டும் என்று கேட்டாய்!"

"நான்தான் கேட்டேன். தப்பாகக் கேட்டேன். அதனால் நான்தான் போய் நிறுத்த வேண்டும்!"

மற்றக் காட்டெருமைகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. ஒன்று இறங்கியது. பின்னாலேயே எல்லாம் இறங்கின. முயல்களும் மண் பூசுவதை விட்டுவிட்டு வந்தன. பாறை உருளும் சத்தம் நின்றுபோனது.

சத்தம் நின்றதைக் கேட்டு யானை கொம்பையா ஓடி வந்தது. களஞ்சிய வாசலில் காடே கூடி நின்றது.

"மழை தலைக்கு மேல் நிற்கிறது! உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று பிளிறியது.

நரி முந்திக்கொண்டது. "எல்லாம் இந்தத் தவிட்டியால் வந்த வினை, ஐயா! களஞ்சியத்தில் சாப்பிட வேண்டும், ஆனால் மோப்பம் கூடாதாம்!"

தவிட்டி பசியால் சோர்ந்திருந்தது. ஆனாலும் மூன்று காலை ஊன்றி எழுந்து நின்றது.

"ஐயா! களஞ்சியத்தில் சாப்பிடுகிறவர்களை எல்லாம் மோக்க வேண்டும் என்பது சட்டமா?"

"ஆமாம்!"

"அப்படியானால் அதிகம் சாப்பிடுகிறவரிடமிருந்து தொடங்குங்கள். தினமும் முதல் பங்கு உங்களுக்குத்தானே போகிறது!"

நரி பதறியது.

"என்ன துணிச்சல்! தலைவரை மோப்பதா? அவருடைய மரியாதை என்ன ஆவது?"

"அவருக்கு இருக்கிற மரியாதை எனக்கும் இருக்கிறது!" என்றது தவிட்டி.

கொம்பையாவின் காது விடைத்தது. கோபம்தான். ஆனால் அது நேர்மையான யானை. இலுப்பையை அது தொட்டதே இல்லை. "எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. கீரி, வா! மோந்து பார்!" என்று முட்டி போட்டு வாயைத் திறந்தது.

கீரி நடுங்கிக்கொண்டே தந்தத்தின் மேல் ஏறியது. வாயருகே மூக்கை வைத்தது. முயல்கள் எட்டிப் பார்த்தன. பின்னால் இருந்து யாரோ, "பல்லைப் பாரு, எவ்வளவு பெரிசு!" என்றார்கள். இரண்டு குட்டிக் குரங்குகள் களுக்கென்று சிரித்தன.

"ஐயா, இன்னும் கொஞ்சம் திறங்கள். நாக்கைத் தூக்குங்கள். அடியில் பார்க்க வேண்டும்" என்றது கீரி.

கொம்பையாவின் உடம்பு கூசிக் குறுகியது. தப்பு எதுவும் செய்யாத யானை அது. ஆனாலும் அதன் கண்கள் தரையைப் பார்த்தன. மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"இறங்கு!" என்றது மெல்லிய குரலில்.

"இன்னும் முடியவில்லை ஐயா..."

"இறங்கு என்கிறேன்!"

கீரி குதித்து ஓடியது. கொம்பையா மெதுவாக எழுந்தது. பிறகு தவிட்டியைப் பார்த்துக் கேட்டது:

"என்னிடம் குற்றம் இல்லை. ஆனாலும் என் உடம்பு ஏன் இப்படிக் கூசுகிறது?"

"ஐயா, உங்களுக்கு வயிறு நிறைந்திருக்கிறது. மோந்து முடித்ததும் நீங்கள் இன்னும் தலைவர்தான். அப்படியிருந்தும் கூசுகிறது. கை முறிந்த அந்தக் குரங்கு பசியோடு நின்றது. குட்டி பார்க்க நின்றது. நாளைக்கும் வந்து நிற்க வேண்டும் என்று தெரிந்தே நின்றது. அதற்கு எப்படிக் கூசியிருக்கும்?"

நரி இன்னும் அடங்கவில்லை. "அது சரி, இந்த ஈட்டி? இது நிஜமாகவே இலுப்பை தின்கிறது! குடிகாரனுக்கும் சோறு போடுவதா?"

"போடத்தான் வேண்டும்!" என்றது தவிட்டி. "நீ சோற்றை நிறுத்தியதும் ஈட்டி இலுப்பையை நிறுத்தியதா? வேறு ஒன்றும் கிடைக்காமல் அதையே மூன்று வேளையும் தின்றது! அதன் புண்ணுக்கு யாராவது ஒரு பச்சிலை கட்டினீர்களா?"

ஈட்டி தலை குனிந்து அழுதது.

அப்போது காரான் முன்னால் வந்து நின்றது. "ஐயா, இந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியது நான். எனக்கு ஓர் அநியாயம் நடந்தது. அதைச் சரிசெய்யக் கேட்காமல், மற்றவர்களுக்கும் அந்த அநியாயம் நடக்கட்டும் என்று கேட்டுவிட்டேன். இப்போது சரியாகக் கேட்கிறேன். பாறை உருளும் இடத்தில் மோப்பம் இருக்கட்டும். ஆனால் ஒரு கீரி வாடை என்றால் இன்னொரு கீரியும் மோக்கட்டும். தள்ளுகிறவனை மோப்பதுபோல, தள்ளச் சொல்கிற மேஸ்திரியையும் மோக்கட்டும்! களஞ்சிய வாசலில் மட்டும் வேண்டாம்!"

"வேண்டாம்! வேண்டாம்!" என்று கூட்டம் முழங்கியது. கரடி மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றது.

கொம்பையா தும்பிக்கையை உயர்த்தியது. "காரான் சொன்னதே இனிச் சட்டம்! களஞ்சியத்தில் பசிதான் கணக்கு. இலுப்பைக்கு அடிமையானவர்களுக்குச் சாப்பாடும் உண்டு, மருந்தும் உண்டு. குழிமுத்து! வாசலை விட்டு விலகு!"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு விலகியது. தவிட்டி குட்டியோடு நிமிர்ந்த தலையுடன் உள்ளே போனது. ஈட்டி பின்னாலேயே போனது. காரான் குரங்கு இருந்த மரத்தடிக்குப் போய், தான் செய்த தவறைச் சொல்லிக் கூப்பிட்டது. அதுவும் இறங்கி வந்தது.

அவர்கள் சாப்பிடத் தொடங்கியதைப் பார்த்த பிறகே வேலைக்கார விலங்குகள் சரிவுக்கு ஓடின. கரடி முதல் ஆளாக வாயைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. கொம்பையாவும் கூடவே வந்து பாறையை முட்டியது. தூறல் விழத் தொடங்கியபோது கடைசிப் பாறை உடைப்பில் போய் உட்கார்ந்தது. இடி இடித்து, மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கரை அசையவில்லை. குளம் நிரம்பியது.

பிறர் உயிரைக் காப்பதற்கான சோதனை மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். பசித்தவர்களைத் தலைகுனிய வைப்பதற்கென்றே வருகிற சோதனைக்குப் பணிய மறுப்பதே நீதி.